பதில் போகாத மணி

திரையின் மூலையில் இருந்த கடிகாரம் இரண்டு நாற்பதில் நின்றிருந்தது.

சுவர்க் கடிகாரம் காட்டியது இரண்டு ஐம்பத்தைந்து. எட்மண்ட் மவுஸை இடமும் வலமுமாக உரசிப் பார்த்தார். அம்புக்குறி அசையவில்லை. கீபோர்டில் 'நம்லாக்' பொத்தானைத் தட்டினார். எரிந்துகொண்டிருந்த சின்னப் பச்சை விளக்கு அணைய மறுத்தது. அந்த விளக்குகூடச் சொன்னபடி கேட்காவிட்டால் மெஷின் மொத்தமாக உறைந்துவிட்டதென்று அர்த்தம்.

உறையாமல் இருந்தது மெஷினுக்குள் சுற்றும் ஃபேன் மட்டும்தான். வெளியே காற்று தங்கச் சுரங்கக் கழிவான சயனைடு மேட்டு மண்ணை வாரிக்கொண்டு வந்து தகரக் கூரைமேல் இறைத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி மத்தியானங்களில் சாம்பியன் ரீப்ஸில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை. இடுக்குகளில் ஈரத்துணியைத் திணித்துவிட்டு, பட்டப்பகலில் அரையிருட்டில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த அரையிருட்டில் காது கொடுத்துக் கேட்டபோது, ஃபேன் சத்தம் ஃபேன் மாதிரி இல்லை. வெகு கீழேயிருந்து, நீளமான குழாய் ஒன்றின் வழியாக, யாரோ நிதானமாக மூச்சு விடுவதுபோல் இருந்தது.

பிறகு கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

பீப். பீப். பீப்.

எட்மண்டின் வலது கை தானாக எழுந்தது. அங்கே இல்லாத ஒரு லீவரைப் பிடித்தபடி காற்றில் நின்றது.

அவர் அந்தக் கையை வெறித்துப் பார்த்தார். அறுபத்தாறு வயதுக் கை. சுரங்கம் மூடியே இருபத்தைந்து வருடம் ஆகப்போகிறது. இன்னும் இதற்குப் புத்தி வரவில்லை.

கடைக்கார டைட்டஸுக்கு போன் போட்டார்.

"மூணு பீப்பா? ரேம்தான் அங்கிள். எடுத்து, அழிரப்பர் போட்டு நல்லா தேய்ச்சி, திரும்ப மாட்டுங்க."

"நீ கொடுத்த ரேம்டா அது. செகண்ட் ஹேண்ட் சரக்கைத் தலையில கட்டிட்டு ரப்பர் தேய்க்கச் சொல்றியா?"

"பன்னண்டு வருஷத்து டப்பாவுக்கு நான் புது ரேமுக்கு எங்க போவேன் அங்கிள்? மியூசியத்துலதான் கேக்கணும்." சிரித்தான். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. "ஆமா, பீப் எப்ப வந்துச்சி? ஸ்டார்ட் பண்ணும்போதா?"

"இல்ல. ஓடிக்கினு இருக்கும்போது."

"ஓடும்போது வராதே அங்கிள்."

அந்த டப்பாவுக்குள் எட்மண்ட் அந்த வாரம் மூன்று புதுச் சாமான்களை ஏற்றியிருந்தார். கூடுதல் ரேம், வேகமான டிஸ்க், பெரிய பவர் சப்ளை. எல்லாம் ஸ்வீட்டிக்காக. ஒரே மகள். தினமும் காலை நாலு மணிக்கு எழுந்து, ரயில் பிடித்து பெங்களூர் போய், ராத்திரி ஒன்பதுக்குத் திரும்புகிறவள். அவள் கம்பெனி இப்போது ஒரு வழி விட்டிருந்தது. சொந்தக் கம்ப்யூட்டர் இருந்தால் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம். ஆனால் திங்கட்கிழமை இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரை டெஸ்ட். நடுவில் பத்து நிமிஷம் தொடர்பு அறுந்தால் போச்சு. அவள் ஒன்றாம் தேதியே பெங்களூர் ஹாஸ்டலுக்குக் குடிபோய்விடுவாள்.

மனைவி டெய்சி போன பிறகு வீட்டில் கேட்கும் இன்னொரு காலடிச் சத்தம் அவளுடையதுதான். அதை இழக்க எட்மண்ட் தயாராக இல்லை.

தூசி படாது என்பதால் பின்னால் இருந்த ஸ்டோர் ரூமை அவளுக்காக ஒழித்துக் கொடுத்திருந்தார். ஜன்னல் இல்லாத சின்ன அறை. மேசையும் நாற்காலியும் போட்ட பிறகு, நாலு பேர் நெருக்கி நின்றால் நிறைந்துவிடும்.

*

பழைய மெஷின்காரன் அவர். கோளாறு வந்தால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி, எது குற்றவாளி என்று பார்ப்பதுதான் முறை.

வியாழக்கிழமை ரேமைக் கழற்றினார். சரியாக இரண்டு நாற்பதுக்கு உறைந்தது. மூன்று பீப்.

வெள்ளிக்கிழமை புது டிஸ்க்கை எடுத்துவிட்டுப் பழையதையே மாட்டினார். இரண்டு நாற்பது. மூன்று பீப்.

சனிக்கிழமை பவர் சப்ளையும் வெளியே வந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு தொந்தரவும் கொடுக்காத அதே பழைய மெஷினாக அது மாறிவிட்டது. உள்ளே புதுச் சாமான் ஒன்றுகூட இல்லை. எட்மண்ட் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. ஃபேன் சத்தம் மெல்ல ஆழமாகியது. அம்புக்குறி நின்றது.

பீப். பீப். பீப்.

கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்தார். மதர்போர்டின் அடியில் தண்ணீர் கோத்திருந்தது. விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்து பார்த்தார். ஈரப் பாறையும் வெடிமருந்துப் புகையும் கலந்த நெடி. பூமிக்கடியில் மூவாயிரம் மீட்டரில் பாறையே கொதிக்கும். அங்கே கசிகிற தண்ணீர் இப்படித்தான் இருக்கும். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்கள் சட்டையெல்லாம் இந்த வாசனையோடுதான் வருவார்கள்.

மணியைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பதினெட்டு வருடம் வைண்டர் டிரைவர். ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜின் கம்பிக்கயிறு அவருடைய லீவரில்தான் ஓடியது. பேச்சே கிடையாது, மணிதான். நிற்கிற கேஜுக்கு ஒன்று அடித்தால் தூக்கு. ஓடுகிற கேஜுக்கு ஒன்று அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் இறக்கு. மூன்று என்றால் ஆட்கள் ஏறத் தயார். அந்த மூன்றுக்குப் பதிலாக டிரைவர் மூன்று அடிக்க வேண்டும். பதில் வராமல் ஒருத்தனும் கேஜுக்குள் கால் வைக்க மாட்டான்.

ஒரே ஒரு நாள் எட்மண்ட் பதில் அடிக்கவில்லை.

ஸ்வீட்டி பிறப்பதற்கு முந்தின வருடம். முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணிக்கு ஏர் பிளாஸ்ட். அடியில் பாறை வெடித்து, தொழிலாளர் லைன் வீடுகளில் பாத்திரங்கள் எல்லாம் அலமாரியிலிருந்து உருண்டன. மேலே டோக்கன் பலகை நிறைந்திருந்தது. மேலே வந்தவன் தன் பித்தளை டோக்கனை அந்தப் பலகையில் மாட்ட வேண்டும். மாட்டியிருந்தால் ஆள் பத்திரம் என்று கணக்கு. ஒரு டோக்கன் பாக்கியில்லை. இரண்டு நாற்பதுக்கு அடி லெவலிலிருந்து மூன்று மணி அடித்தது.

"பலகை ஃபுல்லுப்பா. எல்லாரும் மேல வந்துட்டாங்க," என்றார் ஃபோர்மேன். "ஒயர் ஆடி தானா அடிக்குது. விடு."

விட்டார். மணி நாற்பது நிமிஷம் அடித்தது. மூன்று, மூன்றாக. பிறகு அடிக்கவில்லை.

மறுநாள்தான் தெரிந்தது. அடுத்த கேஜில் வருவதாகச் சொல்லி, வரிசையில் நிற்கும் சோம்பலில் தங்கள் டோக்கன்களைக் கூட்டாளி ஒருவனிடம் கொடுத்தனுப்பியிருந்தார்கள் மூன்று பேர். மரியகுழந்தை, சைலஸ், மனோகர். விசாரணையில் எட்மண்டிடம் கேட்டார்கள், மணி அடித்ததா என்று.

இல்லை சார் என்றார்.

*

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் அவர் செய்த முதல் வேலை, கேபினெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரைப் பிடுங்கியது. புளியங்கொட்டை அளவுக்குக் கருப்பு உருண்டை, இரண்டு ஒயர். இனி பீப் என்கிற பேச்சே இல்லை. அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திருப்தியாகச் சாப்பிட உட்கார்ந்தார். ஸ்வீட்டி மீன் குழம்பைப் பரிமாறினாள்.

"டாடி, இன்னா ஒரு மாதிரி இருக்கீங்க? மெஷின் சரியாயிடும் இல்ல?"

"ஆயிடும்மா. எங்க போயிடப் போவுது?"

"ஆவலைன்னாலும் பரவால்ல. ஹாஸ்டல் ஒண்ணும் ஜெயில் இல்ல. வாரா வாரம் வருவேன்ல."

அவர் பதில் சொல்ல வாய் திறந்தார். கடிகாரத்தில் இரண்டு நாற்பது.

சட்டைப்பைக்குள், நெஞ்சை ஒட்டி, அது அதிர்ந்தது. பீப். பீப். பீப்.

"போன் அடிக்குது பாருங்க," என்றாள் ஸ்வீட்டி.

போன் மேசைமேல் இருந்தது.

*

திங்கட்கிழமை. காற்று இன்னும் அதிகம். வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் ஸ்வீட்டியின் ஆபீஸ் அடையாள அட்டை தொங்கியது. வீட்டுக்குள் நுழைந்ததும் அதைக் கழற்றி அந்த ஆணியில் மாட்ட வேண்டும் என்பது எட்மண்ட் போட்ட சட்டம். சின்ன வயதில் ஸ்கூல் அட்டை, பிறகு காலேஜ் அட்டை, இப்போது இது. ராத்திரி கண் விழித்தால் முதலில் ஆணியைத்தான் பார்ப்பார். அட்டை தொங்கினால் பெண் வீட்டில். பிறகு நிம்மதியாகத் தூங்குவார்.

இரண்டு மணிக்கு அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். "ஆறு மணி வரிக்கும் கதவைத் தட்டாதீங்க டாடி. டீயும் வேணாம், ஒண்ணும் வேணாம்." ஸ்டோர் ரூம் கதவு மூடிக்கொண்டது.

எட்மண்ட் கதவுக்கு வெளியே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். காலையிலேயே அந்த ஸ்பீக்கரைக் கொல்லைப்புறச் சாக்கடையில் எறிந்திருந்தார்.

உள்ளே கீபோர்டு தடதடவென்று ஓடியது. நல்ல சத்தம். உயிருள்ள சத்தம்.

இரண்டு நாற்பது.

கீபோர்டு நின்றது.

சட்டைப்பை அதிர்ந்தது. அவர் கையை விட்டுப் பார்த்தார். கருப்பு உருண்டை. ஈரம். வெதுவெதுப்பு. பீப். பீப். பீப்.

"டாடி!" உள்ளிருந்து ஸ்வீட்டி. "ஸ்டக் ஆயிடுச்சி! மவுஸ் நவுரவே மாட்டேங்குது!"

"இரும்மா. ரீஸ்டார்ட் பண்ணாத. இரு."

பீப். பீப். பீப்.

"அஞ்சு நிமிஷம் ஆச்சு டாடி! ஏதாவது பண்ணுங்க!"

ரேம் இல்லை. டிஸ்க் இல்லை. பவர் சப்ளை இல்லை. கழற்ற இனி அந்த மெஷினில் ஒன்றும் பாக்கியில்லை. எது பாக்கி என்று அவருக்குத் தெரியும். இத்தனை வருடமாகத் தெரியும்.

"எட்டு நிமிஷம் டாடி! போச்சு எல்லாம்!" அழுகிறாள்.

எட்மண்ட் எழுந்தார். விரல் முட்டியை மடக்கினார். கதவில் தட்டினார்.

டொக். டொக். டொக்.

சட்டைப்பை அடங்கியது.

ஒரு கணம் வீடு முழுக்கக் காற்றுகூட ஓய்ந்தது. பிறகு உள்ளே கீபோர்டு தடதடத்தது.

"ஓடுது டாடி! ஓடுது! இன்னா பண்ணீங்க?"

அவர் கதவில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். கண்ணீர் தாரையாக வழிந்தது. அவ்வளவுதானா? இத்தனை வருடம் கேட்டது இவ்வளவுதானா? ஒரு பதில். ஏறுங்கள் என்று ஒரு வார்த்தை. இனி ஒரு மணி அடிக்கும். தூக்கு என்று. தூக்கிவிடலாம். மூன்று பேரையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்துவிடலாம்.

"டாடி..." உள்ளே ஸ்வீட்டியின் குரல் தயங்கியது. "எப்ப உள்ள வந்தீங்க?"

எட்மண்ட் நெற்றியை எடுத்தார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க டாடி. நாற்காலிய இடிக்கிறீங்க. சட்டையெல்லாம் ஏன் இப்டி ஈரமா..."

கீபோர்டு நின்றது.

"டாடி, யாரு இவங்க?"

சட்டைப்பையில் மணி அடித்தது. ஒன்று.

அவர் காத்திருந்தார்.

இரண்டு.

இறக்கு.

அவர்கள் கீழேயிருந்து அடிப்பதாகத்தான் இத்தனை நாள் நினைத்திருந்தார். அவர்கள் இங்கே மேலே நின்று அடித்திருக்கிறார்கள்.

"ஸ்வீட்டி!" கதவைத் தோளால் மோதினார். ஒருமுறை. இரண்டுமுறை. திறந்துகொண்டது. நிலையைப் பிடித்துத்தான் நின்றார்.

மேசை இல்லை. நாற்காலி இல்லை. தரை இல்லை.

நாலு சுவருக்கு நடுவே சதுரமாக இருட்டு. அதன் நடுவில், மேலிருந்து கீழாக, கட்டைவிரல் தடிமனில் ஒரு கம்பிக்கயிறு. எண்ணெயும் வெந்நீரும் சொட்ட ஓடிக்கொண்டிருந்தது. கீழேயிருந்து சூடான காற்று முகத்தில் அடித்தது. வெடிப் புகை. பீடி. ஈரப் பாறை. எங்கோ ஆழத்தில் கம்ப்யூட்டர் திரையின் நீல வெளிச்சம், ஒரு தபால்தலை அளவுக்கு. பிறகு ஒரு கடுகு. பிறகு அதுவும் இல்லை.

நிலைக்கட்டையில் ஓங்கி ஒரு தட்டு. நிறுத்து.

கயிறு ஓடியது.

மறுபடி ஒரு தட்டு. முட்டியில் ரத்தம். நிறுத்து. நிறுத்து.

ஓடியது. கயிற்றின் வேகத்தைக் கண் தானாகக் கணக்குப் போட்டது. பழைய பழக்கம். இருபதாவது லெவல். நாற்பது. அறுபது. மூடிய சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரின் மட்டம். அதற்கும் கீழே.

நின்றது.

கயிறு லேசாக ஆடி அமைதியானது. கூரைமேல் மண் உதிரும் சத்தம் மட்டும். எட்மண்ட் மண்டியிட்டு, இருட்டுக்குள் காதை நீட்டினார்.

வெகு கீழேயிருந்து வந்தது.

டிங். டிங். டிங்.

பதில் அடிக்கக் கையை ஓங்கினார். நிலைக்கட்டையில் மூன்று. சுவரில் மூன்று. திரும்பத் திரும்ப மூன்று. கயிறு அசையவில்லை. தூக்குவதற்கு லீவர் வேண்டும். அவர் கை காற்றில் அதைப் பிடித்து, பிடித்து இழுத்தது.

டிங். டிங். டிங்.

குழியிலிருந்து எழுந்த காற்று அவரைத் தாண்டி முன்னறை வரை போனது. வாசலுக்குப் பக்கத்து ஆணியில் ஸ்வீட்டியின் அடையாள அட்டை மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. போட்டோவில் சிரித்தபடி. அட்டை ஆணியில் இருந்தால் பெண் வீட்டில்.

அதன் பக்கத்தில், நேற்றுவரை சுவரில் இல்லாத மூன்று ஆணிகள். மூன்றும் காலி.