ஒரே தட்டில் இரண்டு கேபிள்

காலை பத்தேகால். மில்லில் மூட்டைகளை நகர்த்தும் பெல்ட், நின்றிருந்தது திடீரென்று ஓடியது. சிக்கிய மூட்டையை இழுக்கக் கையை விட்டிருந்த லோடுமேனின் மூன்று விரல்கள் நசுங்கிவிட்டன. ஸ்டார்ட் பட்டன் அருகே நின்றது ஒரே ஆள், மெஷின் ஓட்டும் பெண்.

"நான் தொடவே இல்லீங்க!" என்று கத்திக் கத்தி அவள் தொண்டை கட்டிப்போனது. யார் காதில் விழுந்தது? நாளை சாயங்காலம் போலீசில் எழுதிக் கொடுக்கப்போவதாக மேனேஜர் சொல்லிவிட்டார். அவள் உடன்பிறந்த தம்பிதான் அங்கே வயர்மேன். அவன் மூலையில் நின்று, மேலே வயர்கள் போகும் கேபிள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் விசாரணைக்கு ஒரு பாதுகாப்பு அதிகாரி வந்தார். பார்க்கச் சாதுவான அம்மாள், கேள்விகள்தான் ஊசி. முதலில் அக்காவிடம் கேட்டார்.

"பெல்ட் ஓடினப்போ கையில என்ன வெச்சிருந்தீங்க?"

"கிழிஞ்ச சாக்கு. ரெண்டு கையிலயும்னுதான்... நெனைக்கிறேன்."

"வேற எதாவது சத்தம்?"

"பெரிய ஃபேன் அப்பத்தான் கிளம்புச்சு. அது ஓடினாலே இங்க வேகம் காட்டுற நம்பர் துடிக்கும். தம்பிகிட்டகூட சொன்னேன்."

"நீ என்னப்பா சொன்ன?"

"அது அப்படித்தான் இருக்கும்னேன், மேடம்."

அதிகாரி அண்ணாந்து பார்த்தார். "கேபிள் தட்டு பூரா தூசி. வயரைக் கட்டியிருக்கிற பிளாஸ்டிக் டை மட்டும் எப்படி பளபளன்னு இருக்கு?"

"முதலாளி வர்றார்னு போன வாரம் ஒழுங்குபடுத்தினேன்."

எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஃபேனைப் போட்டு நிறுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி போட்டார். மேனேஜர் ஏளனமாகச் சிரித்தார். மூன்றாவது முறை, காலி பெல்ட் தடாலென்று ஓடியது!

"பட்டனை யாரும் அமுக்கலை. ஃபேனோட வேகத்தைக் கட்டுப்படுத்துற டிரைவ் கரண்ட்டை வெட்டி வெட்டி அனுப்புது. அந்த மின் இரைச்சல் பக்கத்துல போற பட்டன் வயர்ல தொத்திக்கிட்டா, யாரோ பட்டனை அமுக்கினதா நெனைச்சு பெல்ட் ஓடிடும். அதனாலதான் பட்டன் வயரைத் தள்ளி, தனியா கொண்டுபோகணும். நீ ரெண்டையும் சேர்த்துக் கட்டிட்ட. பட்டன் வயரைச் சுத்தி, இரைச்சலை அடக்கி எர்த்துக்கு அனுப்புற கம்பி வலையையும் ஏன் உரிச்ச?"

"தட்டுல அடங்கலை மேடம். பார்க்க அழகா இருக்கட்டும்னு..."

அடப்பாவி, அழகாம்!

"நேத்தே உனக்குத் தெரியுமில்ல?"

"சந்தேகமா இருந்துச்சு. வேலை போயிடும்னு பயந்துட்டேன்." அவன் உடைந்து அழுதான்.

அக்கா அருகில் வந்தாள். கன்னத்தில் ஒன்று விடுவாள் என்று நினைத்தான். விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் கையை ஓங்கவே இல்லை.

"ராத்திரி பூரா யோசிச்சு, நான்தான் தெரியாம அமுக்கிட்டேன் போலன்னு நானே நம்பிட்டேன்டா. காலையில ஆஸ்பத்திரிக்குப் போய், அந்த லோடுமேன் கால்ல விழுந்து மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."