நடுவே ஓர் அல்லிக்குளம்

மூன்றாவது தடவையும் வரைவி இயந்திரம் கல்லறைத் தோட்டத்தை இரண்டாகப் பிளந்து கொடுத்தது. முதல் தடவை செம்பருத்தி வேலி. அடுத்த தடவை எலும்புப் பேழைகளை அடுக்கி வைக்க ஒரு நீளமான சுவர். இந்தத் தடவை அல்லிக்குளம். அது அவ்வளவு அழகாக இருந்தது என்பதுதான் ஜெனிட்டாவின் வயிற்றெரிச்சல். குளத்தின் இரு கரையிலும் இரண்டு பாதைகள், அவற்றுக்கு இரண்டு வாசல்கள். நடுவில் தண்ணீர் மேல் மிதப்பது போல ஒரு சிற்றாலயம், அதற்கும் கிழக்கே ஒரு கதவு, மேற்கே ஒரு கதவு.

ஜெனிட்டா கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி. சந்தியாகுநல்லூர் கத்தோலிக்கப் பங்கின் பழைய கல்லறைத் தோட்டம் நிறைந்துவிட்டதால், ஒட்டியிருந்த நிலத்தை வாங்கி விரிவாக்கி, சிற்றாலயமும் கட்டுவதென்று பங்குப் பேரவை முடிவு செய்திருந்தது. வடிவமைக்கும் வேலை கல்லூரிக்கு வந்தது. உன் ஊர்தானே என்று பேராசிரியர் நளாயினி அதை அவள் தலையில் கட்டிவிட்டார்.

முந்தைய காலம் போல மனம் போனபடி வரைந்து கட்டிவிட இப்போது முடியாது. தெருமுனைகளில் நிற்கும் நடைக்கம்பங்கள் ஊரார் நடப்பதையும் நிற்பதையும் ஒதுங்குவதையும் ஆண்டுக்கணக்காகப் பார்த்து, ஒவ்வொருவருக்கும் ஒரு நடைநிழலைச் சேர்த்து வைத்திருக்கின்றன. எந்தப் பொதுக் கட்டடமானாலும் ஒரு செங்கல் வைக்குமுன், அதைப் பயன்படுத்தப் போகிறவர்களின் நிழல்களை அதன் வரைபடத்துக்குள் நடக்கவிட வேண்டும். நிழல்கள் தயங்கினால், முட்டிக்கொண்டால், திரும்பிப் போனால் நிம்மதிப் புள்ளி குறையும். புள்ளி குறைந்தால் அனுமதி கிடையாது. எங்கே இடிக்கிறது என்று பார்த்து, இடிக்காதபடி மாற்றி வரைந்து தரும் இயந்திரம்தான் வரைவி. குறை சொல்லக்கூடாது, அது வந்த பிறகு திருவிழா நெரிசலில் யாரும் சாகவில்லை. ஆஸ்பத்திரிகளில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு யாரும் வழி தேடி அலையவில்லை.

சந்தியாகுநல்லூரில் மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு உண்டு. பூசைக்கு ஒரே கோயில், படிக்க ஒரே பள்ளிக்கூடம், செத்தால் மட்டும் மேலத்தெருவுக்குப் பெரிய வாசல், கீழத்தெருவுக்கு ஓடைக்கரைச் சந்து வழியாகப் பின்வாசல். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை. புதிய தோட்டம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று மறைமாவட்ட ஆயர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பேரவையும் அதிலென்ன சந்தேகம் என்று தலையாட்டியது. தெருப் பெயர் ஒன்றைக்கூட ஜெனிட்டா வரைவிக்குச் சொல்லவில்லை. அப்படியும் அது குளம் வெட்டியது.

அவளாக வரைந்தது வேறு. ஒரே வாசல், ஒரே பாதை. பாதையின் குறுக்கே, மறிப்பது போலச் சிற்றாலயம். எந்தக் கல்லறைக்குப் போவதானாலும் அதற்குள் நுழைந்துதான் போக வேண்டும். ஓடைக்கரைச் சந்தின் பின்வாசலைச் சுவர் வைத்து அடைத்திருந்தாள். நிழல்களை நடக்கவிட்டபோது அந்த வரைபடத்தின் புள்ளி பாதாளத்துக்குப் போயிற்று. குளம் வைத்த வரைபடத்துக்கோ கல்லூரியிலேயே இதுவரை யாரும் வாங்காத புள்ளி.

"வரைவிக்குச் சாதி தெரியாதும்மா. அதுக்கு நடை மட்டுந்தான் தெரியும்" என்றார் நளாயினி.

"அந்த நடையிலதான் மேடம் எல்லாம் இருக்கு."

நளாயினி கெட்டவர் இல்லை. குளத்தையே வைத்துக்கொள், விருது நிச்சயம், வேலையும் தேடி வரும் என்று நல்ல மனதோடுதான் சொன்னார். ஜெனிட்டா பிடி கொடுக்காமல் உட்கார்ந்திருக்கவே, சட்டத்தில் மறுநடை என்று ஒரு விதி இருப்பதையும் சொல்லிவைத்தார். எங்கள் நிழல்கள் பொய், நாங்கள் அப்படி நடப்பவர்கள் இல்லை என்று பயன்படுத்தப் போகிறவர்களே அறிவித்தால், கட்டிவிட்டு ஓராண்டு நிஜக்கால்களால் நடந்து காட்டலாம். நடை தேறாவிட்டால் இடித்துவிட்டு, வரைவி சொன்னதைத்தான் கட்ட வேண்டும். இதுவரை எந்த ஊரும் அந்த விதியைத் தொட்டதில்லை. "தன் நிழல் பொய்யின்னு எந்த ஊரு ஒத்துக்கும்?" என்று சிரித்தார். ஜெனிட்டா சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போதுதான் வழி தெரிந்தது.

அவளுக்கு அது வெறும் பாடமாக இருந்திருந்தால் குளத்தோடு சமாதானம் ஆகியிருப்பாள். நான்கு வருடங்களுக்கு முன் அவள் அப்பா அந்தோணி இறந்தார். ஊர்க் கோயிலின் மின்விளக்கு, ஒலிபெருக்கி எல்லாம் அவர் கைபட்டவை. சவ வண்டி கோயிலிலிருந்து புறப்பட்டு, பெரிய வாசல் கண்ணுக்குத் தெரியும் முனைவரை வந்து, யாரும் எதுவும் சொல்லாமலே ஓடைக்கரைச் சந்துக்குத் திரும்பியது. மழைச் சேற்றில் சக்கரம் புதைந்து, பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. தள்ளிக்கொண்டு வந்தவர்கள் எல்லாம் கீழத்தெருக்காரர்கள்தான். ஏன் திரும்பினீர்கள் என்று அவள் பிறகு கேட்டபோது அவர்களுக்குக் கேள்வியே புரியவில்லை. அந்தக் கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை, ஆற வேண்டும் என்று அவள் நினைக்கவும் இல்லை.

வடிவமைப்பை ஊர் பார்க்கும் நாள் வந்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபம் நிறைந்துவிட்டது. மேலத்தெரு வலப்பக்கம், கீழத்தெரு இடப்பக்கம். நாற்காலி போட்டவர்கள் அப்படிப் போடவில்லை, உட்கார்ந்தவர்கள் அப்படி உட்கார்ந்தார்கள். முன்வரிசையில் பங்குத்தந்தை இருதயராஜும் பேரவைத் துணைத்தலைவர் சவரிராயனும் இருந்தார்கள். சவரிராயன் பங்குப் பள்ளியின் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். ஜெனிட்டாவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர், யாரையும் தெரு பார்த்து உட்கார வைக்காதவர் என்று பெயர் வாங்கியவர்.

முதலில் குளத்தைக் காட்டினாள். மண்டபமே ஆவென்று பார்த்தது. இரண்டு வாசல் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பிறகு தன் வரைபடத்தைத் திரையில் விரித்து, அதற்குள் நிழல்களை நடக்கவிட்டாள். சாம்பல் நிறத்தில், முகமில்லாமல், கூட்டமாக நடந்தன.

"இதுல நீங்க எல்லாரும் இருக்கீங்க. அவங்கவங்க நிழல அவங்கவங்க பாக்கலாம், சட்டத்துல இடம் இருக்கு. பாக்கணும்கிறவங்க நாற்காலிக் கைப்பிடில விரல வைங்க, முகம் வரும்" என்றாள்.

தன்னைத் திரையில் பார்க்க வேண்டாம் என்று சொல்லும் மனிதன் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கல்யாண வீடியோவில் தன் முகம் எப்போது வரும் என்று காத்திருப்பதைப் போல மண்டபமே விரலை வைத்தது. ஒவ்வொரு முகமாகப் பூத்தது. நடையைப் பாரு, அப்படியே அவங்க மாமியார் என்று யாரோ சொல்ல, இரண்டு பக்கமும் சேர்ந்தே சிரித்தன. அன்றைக்கு அவர்கள் சேர்ந்து செய்த காரியம் அது ஒன்றுதான்.

ஜெனிட்டா வரைபடத்தில் வாசலுக்கு வெளியே, தெருவில் ஒரு சவப்பெட்டியை வைத்து, அது கீழத்தெருவிலிருந்து வருவதாகக் கணக்குக் கொடுத்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

பெட்டி ஒற்றைப் பாதையில் வர வர, முகத்தோடு நடந்துகொண்டிருந்த மேலத்தெரு நிழல்கள் ஓரமாக ஒதுங்கின. சில வெளியே போய்விட்டன. ஒரு பெண்ணின் நிழல் பிள்ளையின் நிழலைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டது. சிற்றாலயத்துக்குள் இருந்த சவரிராயனின் நிழல், பெட்டி வாசற்படி ஏறும் முன் பக்கவாட்டில் இறங்கிப் போய், பெட்டி தாண்டும்வரை முதுகைக் காட்டி நின்றது. பெட்டி போன பிறகு உள்ளே வந்து, அதே இடத்தில் முழங்காலிட்டது. நிஜச் சவரிராயன் மண்டியிடும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொள்வார். நிழலும் பிடித்துக்கொண்டது.

சவரிராயன் எழுந்தார். அவர் குரல் நடுங்கியது, பொய் சொல்கிறவரின் நடுக்கம் இல்லை அது. அவர் நிஜமாகவே அதை நம்பவில்லை.

"இது நான் இல்ல. எல்லாப் பிள்ளைங்களையும் ஒரே பெஞ்சுல உக்கார வச்சவன் நான். மிஷின் தப்பாக் காட்டுது."

ஆமாம், நாங்களும் அப்படி இல்லை, இது அபாண்டம் என்று வலப்பக்கம் முழுவதும் எழுந்தது. ஜெனிட்டா அவர்கள் அத்தனை பேரும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாக நின்றாள்.

"தப்புதான் சார். அப்ப குளமும் தப்புதான? இதே நிழல்களப் பாத்துத்தான அது குளம் வெட்டுச்சு."

பங்குத்தந்தை மெதுவாகச் சவரிராயன் பக்கம் திரும்பி, "சார், உங்க நிழல் உண்மைன்னு ஆயருக்கு எழுதட்டுமா, பொய்யின்னு எழுதட்டுமா?" என்று கேட்டார். அவர் கேட்ட விதத்தில் குறும்பு இருந்ததா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

சவரிராயன் பதில் சொல்லுமுன் பின்வரிசையிலிருந்து ஒருவர் குரல் கொடுத்தார். "எல்லார் நிழலையும் காட்டுன. உன் நிழல் எங்கம்மா? அதையும் காட்டு."

தன் நிழலைப் பார்க்க வேண்டும் என்று ஜெனிட்டாவுக்கு அதுவரை தோன்றியதே இல்லை. ஒளிக்க என்ன இருக்கிறது என்று, பெட்டியை மறுபடி முதலிலிருந்து வரவிட்டு விரலை வைத்தாள். பெட்டிக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு சாம்பல் உருவத்துக்கு அவள் முகம் வந்தது. பெரிய வாசல் தெரியும் முனைவரை அது நேராக வந்தது. அங்கே, யாரும் தடுக்காமல், யாரும் விரட்டாமல், ஓடைக்கரைச் சந்துக்குத் திரும்பியது. சந்தின் முடிவில் அவளே வரைந்த சுவர் இருந்தது. நிழல் அந்தச் சுவரின் முன்னால் போய், திறப்பார்கள் என்பது போலத் தலைகுனிந்து நின்றது.

கன்னத்தில் அறை வாங்கியது போல இருந்தது அவளுக்கு. அப்பாவின் வண்டியைத் தள்ளியவர்கள்மேல் அவள் வளர்த்த கோபம் எல்லாம் எங்கே போய் நிற்பது என்று தெரியாமல் நின்றது.

"பாத்தியா? நீயே அந்த வழியத்தான் கேக்குற" என்றார் சவரிராயன். குரலில் வெற்றி இல்லை, கிட்டத்தட்ட இரக்கம்தான் இருந்தது. அந்த இரக்கம்தான் அவளை நிமிர வைத்தது.

"என் நிழலும் பொய்யின்னு எழுதுங்க ஃபாதர். பொய்யாக்கிக் காட்டுறேன். சாரும் காட்டட்டும்."

சவரிராயன் ஒரு நொடி அவளையே பார்த்தார். பிறகு, பரீட்சைத் தாளில் பிள்ளைகள் போட்ட கணக்கை அடிக்கும் அதே வேகத்தில், "எழுதுங்க ஃபாதர், பொய்யின்னே எழுதுங்க" என்றார். அவர் சொன்ன பிறகு மேலத்தெருவில் தன் நிழல் உண்மை என்று சொல்லிக்கொள்ள யாருக்குத் துணிச்சல் வரும்? சந்தியாகுநல்லூர் மறுநடை கேட்ட முதல் ஊரானது.

அடுத்த கோடைக்குள் சிற்றாலயம் எழுந்துவிட்டது. ஒரே வாசல், ஒரே பாதை, வாசலுக்கு எதிரே ஒரு நடைக்கம்பம். பெரிய அழகு என்று சொல்ல முடியாது. குளம் இருந்திருந்தால் படம் எடுக்க ஆட்கள் வந்திருப்பார்கள்.

அங்கே முதலில் வந்த பெட்டி கீழத்தெருவிலிருந்து வந்தது. செபஸ்தியம்மாள், ஜெனிட்டாவின் பெரியம்மா, அம்மா வேலைக்குப் போன நாள்களில் அவளுக்குச் சோறு போட்டு வளர்த்தவள். கோயிலிலிருந்து வண்டி கிளம்பியபோது மேலத்தெருவே திரண்டு தோட்டத்தில் காத்திருந்தது. தங்கள் சொந்தக்காரச் சாவுக்குக்கூட அவ்வளவு பேர் வந்ததில்லை. எல்லோருக்கும் கம்பத்தின் மேல் ஒரு கண். சவரிராயன் எல்லோருக்கும் முன்னால் வந்து, கையில் மெழுகுத்திரியோடு வாசலிலேயே நின்றார். பெட்டி வந்ததும் பக்கத்தில் ஒரு கை கொடுத்து, சிற்றாலயத்துக்குள் கூடவே நடந்தார், நடுவில் நின்றார், முதுகைக் காட்டவில்லை. மனம் மாறித்தான் செய்தாரா, இயந்திரத்தோடு வீம்புக்குச் செய்தாரா என்று ஊரில் இன்றுவரை வழக்கு ஓடுகிறது. பெட்டிக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை. அது நேராகப் போனது.

ஜெனிட்டா கூட்டத்தின் கடைசியில் வந்தாள். கண்ணை மறைக்கும் அழுகை. பெரியம்மாவின் கை மணமும் அப்பாவின் சாய்ந்த பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அழுதுகொண்டே நடந்தவள் முகத்துக்கு நேரே ஒரு சுவர் வந்தபோதுதான் நின்றாள். புதுச் சிமெண்டு மணம். சுற்றிலும் யாரும் இல்லை. ஓடைக்கரைச் சந்து.

கால் தானாகத் திரும்பியிருந்தது. ஊரே தன் நிழலைப் பொய்யாக்கிக்கொண்டிருந்த அந்த நாளில், வரைவி சொன்னபடி அச்சுப் பிசகாமல் நடந்தது அவள் ஒருத்திதான். சுவரைக் கையால் தடவிப் பார்த்தாள். அழுகை நின்று, அதன் இடத்தில் பழைய கோபம் வந்தது. இந்தத் தடவை அது யார்மேல் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

திரும்பி நடந்தாள். வாசலில் சவரிராயன் அவளைத் தேடிக்கொண்டு வந்து நின்றிருந்தார். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறாள் என்பதை அவர் பார்த்துவிட்டார்.

"வழி இந்தப் பக்கம்மா" என்றார் மெதுவாக.

"தெரியும் சார். நான் வரைஞ்ச வழிதான்."

அவரைத் தாண்டி வாசலுக்குள் போனாள். சிற்றாலயம்வரை போனவள், அங்கிருந்து திரும்பி மறுபடி முனைக்கே வந்தாள். சந்துக்குப் போகும் திருப்பத்தில் கால் தயங்கியது, அவள் தயங்கவில்லை. மறுபடி வாசல், மறுபடி முனை. உள்ளே மன்றாட்டு மாலை முடியப் போகிறது என்று சவரிராயன் நினைவூட்டியும் அவள் நிறுத்தவில்லை. கால் தயங்காமல் வாசலைப் பார்த்து வந்த தடவை, நடைக்கம்பத்தின் நேர் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"இதையும் எழுதிக்க" என்று சொல்லிவிட்டு, பெரியம்மாவுக்கு மண் போட உள்ளே போனாள்.