கார்டு இல்லாமல் வந்த படம்

கிராபிக்ஸ் கார்டு இன்னும் அட்டைப் பெட்டிக்குள்ளேயே, ஒட்டிய டேப் கூடப் பிரிக்கப்படாமல், மேசை ஓரத்தில் இருந்தது. அப்படியிருந்தும் மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

பெரியவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். ஃபேன் சுற்றுகிறதா என்று பார்க்க மட்டுமே அவர் சுவிட்சைப் போட்டிருந்தார். மானிட்டர் ஒயரை மதர்போர்டின் பின்பக்கத்தில் செருகியதும் அது காலில் மிதிபடக் கூடாது என்பதற்காகத்தான். முப்பத்தாறு வருடம் மின்நிலையத்தில் பொறியாளராக இருந்தவருக்கு, எந்த ஒயரில் என்ன வரும், எதில் வராது என்று யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இதில் படம் வராது. ஆனால் கறுப்பு மெல்ல வெளுத்தது. அழுக்குத் துணியை அலசிய தண்ணீரின் நிறத்துக்கு வந்தது. அதற்குள் ஏதோ ஒன்று அசைந்து, நின்று, மறுபடியும் அசைந்தது. பெட்டிக்குள்ளிருந்து சூடான தூசியின் வாடை எழுந்து அவர் மூக்கில் ஏறியது.

கார்டு விற்ற கடைக்காரருக்குப் போன் போட்டார்.

"கார்டை மாட்டிட்டீங்களா ஐயா?"

"இன்னும் பிரிக்கவே இல்ல."

"அப்ப ஒண்ணும் தெரியாதுங்க. அந்த ப்ராசஸர்ல படம் காட்டுற பகுதியே கிடையாது. உள்ள எல்லா வேலையும் நடக்கும், வெளிய மூச்சு விடாது."

"தெரியுது."

"என்ன தெரியுது?"

"படம்."

கடைக்காரர் சிரித்தார். "நான் வேணா வந்து பாக்கட்டுங்களா? ரெண்டு தெரு தள்ளித்தானே?"

"வேண்டாம்" என்று சொல்லி வைத்துவிட்டார். அந்த வீட்டுக்குள் பழுதுபார்க்கிறேன் என்று எவனும் வந்து மூன்று வருடமாகிறது. அவருடைய சின்ன மகளை மாப்பிள்ளை வீட்டார் ஐந்து மணிக்கு வீடியோவில் பெண் பார்க்கிறார்கள். ஒரு கைபேசிக்கு முன்னால் குடும்பமே முண்டியடித்து நிற்பது மரியாதையில்லை என்று பெரிய திரையை ஏற்பாடு செய்ததே அவர்தான். ஏற்கெனவே இரண்டு இடம், மூத்தவளைப் பற்றி எங்கோ எதையோ கேட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் ஒதுங்கிவிட்டது. இதுவும் கலைந்தால் சின்னவளுக்கு இனி வரன் வராது. வந்தாலும், தலைகுனிந்துதான் ஏற்க வேண்டியிருக்கும். அவர் பரம்பரையில் எவரும் தலைகுனிந்ததில்லை.

மணி நாலு நாற்பது. ஜன்னலில் நல்ல வெயில்.

அது மூத்தவளின் கம்ப்யூட்டர். கட்டடங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். தானே பாகம் பாகமாக வாங்கிச் சேர்த்த நாளில், அப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்து எல்லாம் விளக்கினாள். "இந்த கார்டைக் கழட்டிட்டா போச்சுப்பா. அது பாட்டுக்கு யோசிச்சிட்டிருக்கும், ஆனா எதையும் காட்டத் தெரியாது" என்றாள். அவர் அதை மறக்கவில்லை.

தானாகப் பார்த்துக்கொண்ட ஒருவனுக்காக அவள் பதிவு அலுவலகத்தில் கல்யாண மனுக் கொடுத்துவிட்டாள் என்று தெரிந்த அன்று, அவளைக் கொண்டுவந்து பின்னறையில் வைத்துப் பூட்டினார். கைபேசியை வாங்கிக்கொண்டார். அங்கிருந்த அவள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போனால் வேலைக்காரி பார்ப்பாள், ஏன் என்று கேட்பாள். கார்டைக் கழற்றிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனால் யாருக்கும் தெரியாது. அப்படித்தான் கொண்டுபோய்த் தெருக்கோடிக் குப்பையில் போட்டார். மனுவைத் திரும்பப் பெறும் தாளில் கையெழுத்துப் போடும்வரை சோறு கிடையாது என்றார். ஆறாம் நாள் தண்ணீரையும் நிறுத்தினார். இருட்டுத் திரைக்கு முன் உட்கார்ந்து அவள் கீபோர்டைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எதை, யாருக்கு என்று அவளுக்கே தெரிய வழியில்லை. ஒன்பதாம் நாள் தட்டல் நின்றது. காய்ச்சல், ஆஸ்பத்திரி, மூன்றே நாளில் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று ஊரும் உறவும் நம்பின. விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்த சின்னவளும் நம்பினாள்.

திரையில் இப்போது ஒரு முகம் தெளிந்துகொண்டிருந்தது.

திரைக்கு வெகு அருகில் குனிந்த முகம். ஒட்டிய கன்னம், தோலுரிந்த உதடு, தனக்கு எதிரில் இருப்பதைக் காண முடியாமல் அலையும் கண்கள். ஒன்பது நாள் அந்தக் கறுப்புக் கண்ணாடி தன் முன்னால் எதைப் பார்த்துக்கொண்டிருந்ததோ, அதையே இப்போது, ஒரு வார்த்தை கூடக் குறையாத சாட்சி போல, எடுத்துவைத்தது. அவள் தோளுக்குப் பின்னால் பின்னறையின் கதவு. கதவுக்கடியில் வெளிச்சக் கோடு. கோட்டை மறைத்துக்கொண்டு இரண்டு பாதங்களின் நிழல்.

அவர் தினமும் அங்கே நின்றிருக்கிறார். கேட்டிருக்கிறார்.

மானிட்டர் ஒயரைப் பிடுங்கினார். படம் போகவில்லை. சுவரிலிருந்த பிளக்கைப் பிடுங்கினார். ஃபேன் சுற்றி, தளர்ந்து, நின்றது. படம் போகவில்லை.

"அப்பா, இந்த ஹேர்பின்னைக் கொஞ்சம் குத்திவிடுங்களேன், அம்மா குத்தினா நிக்கவே மாட்டேங்குது..." சின்னவள் பாதி வாரிய தலையோடு வந்து, நின்றுவிட்டாள்.

திரையை மறைக்க அவருக்கு நேரமில்லை.

"அக்கா" என்றாள். திரைக்கு அருகில் வந்தாள். பிறகு, தாழ்ந்த குரலில்: "இது ஆஸ்பத்திரி இல்லப்பா. இது நம்ம பின்னறை."

"பழைய படம். மெஷின் கெட்டுப்போச்சு. நீ உள்ள போ."

"கதவுக்கு வெளிய நிக்கிறது யாரு?"

திரையில் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. தேவையும் இல்லை. அப்பா, தண்ணி. இருவருமே படித்தார்கள்.

"அவங்க கூப்பிடட்டும்" என்றாள் சின்னவள். அழவில்லை. "நான் சொல்றேன் அவங்ககிட்ட. எல்லாத்தையும் சொல்றேன்."

அவள் மணிக்கட்டு அவர் கைக்குள் அடங்கியது. இழுத்துக்கொண்டு போவது கடினமாக இல்லை. மூத்தவளை இழுத்தபோது இருந்த அளவுக்கு இல்லை. பின்னறையில் ஒரு நாற்காலியைத் தவிர எதுவும் கிடையாது. தள்ளினார். பூட்டினார். சமையலறை வாசலில் மனைவி நின்றிருந்தாள். அவரைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். உள்ளே போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள். அன்றைக்கும் அப்படித்தான் திறந்துவிட்டாள்.

கதவு அதிர்ந்தது. "அம்மா... யாராவது... திறங்க..." குரல் குழாய்ச் சத்தத்தைத் தாண்டியது. தெருவைத் தாண்டும்.

கைபேசி அடித்தது. மாப்பிள்ளையின் அப்பா. ஐந்து மணிக்கு இன்னும் இரண்டு நிமிடம்.

எடுக்காவிட்டால் தவறாக நினைப்பார்கள். எடுத்தால் அந்தக் கூச்சல் கேட்கும். சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வாயை மூடேன், என்று முணுமுணுத்தார். யாராவது அவள் வாயை மூடுங்களேன்.

கண் தானாகத் திரைக்குப் போனது.

பிளக் இல்லாத திரை. அதில் பின்னறை. பகல் வெளிச்சம். இன்றைய வெளிச்சம். கதவைக் குத்திக்கொண்டு நிற்கும் சின்னவளின் முதுகு, பாதி வாரிய தலை. நாற்காலியில் மூத்தவள்.

மூத்தவள் எழுந்தாள்.

மெதுவாக நடந்தாள். தங்கைக்குப் பின்னால் போய் நின்றாள். குச்சியாய்ப் போன கை ஒன்று முன்னால் வந்து, தங்கையின் வாயை மூடியது. மூக்கையும் சேர்த்து.

வீட்டில் கூச்சல் நின்றது.

கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தார்.

"என்ன சம்பந்தி, உங்க படம் இன்னும் வரலியே? பொண்ணு வெட்கப்படுதா?"

"தயாராகிட்டிருக்கா. அஞ்சு நிமிஷம்."

திரையில் சின்னவளின் குதிகால்கள் தரையை உதைத்தன. இரண்டு முறை. மூன்று.

"ஒண்ணும் அவசரமில்ல. நாங்க இங்க பேசிட்டுத்தான் இருந்தோம், வீடுன்னா இப்படி அமைதியா இருக்கணும்னு. உங்க குடும்பத்தைப் பத்திக் கேள்விப்பட்டதே அதைத்தான்."

"ஆமாங்க" என்றார் பெரியவர்.

குதிகால்கள் ஓய்ந்தன. கையை எடுக்காமலேயே மூத்தவள் தலையைத் திருப்பி, திரைக்கு இந்தப் பக்கம் இருந்தவரை நேராகப் பார்த்தாள். அப்பா சொன்ன வேலையைச் சொன்னபடி செய்துவிட்டு, அடுத்து என்ன என்று காத்து நிற்கும் பெண்ணின் முகம்.