தேயாத செருப்பு

என் அப்பா பொய் சொல்கிறார் என்று காட்டிக்கொடுத்தது அவருடைய செருப்புதான்.

சர்க்கரை குறையாவிட்டால் கண்ணுக்கே ஆபத்து, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதற்காக அப்பாவின் கைபேசியில், அடிகளை எண்ணி, நடக்கச் சொல்லிக் குரல் கொடுக்கும் ஒரு செயலியும் போட்டுக் கொடுத்தார்கள். அது தினமும் எட்டாயிரம் அடி என்று காட்டியது. ஆனால் சர்க்கரை குறையவில்லை. நோன்புப் பெருநாளுக்கு வாங்கிய செருப்பும் துளிகூடத் தேயவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கே நடந்தீங்கப்பா?"

"எங்கெங்கயோதான். போலீஸ்காரி மாதிரி கேக்காதே, ரத்ரி!"

அன்று யோக்யகர்த்தா நகரிலிருந்து ஹெஸ்தி என்ற அக்கா வந்தார். செயலி சொன்னால் ஆட்கள் எவ்வளவு கேட்கிறார்கள் என்று அளப்பது அவர் வேலை. அம்மா தேநீரும் பொரித்த வாழைப்பழமும் கொடுத்தார்.

"இது சொன்னா உங்களுக்கு நடக்கத் தோணுதா? அஞ்சுக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

"அஞ்சு!" என்றார் அப்பா.

அக்கா நெற்றியைச் சுருக்கினார். "இந்தத் தெருவில எல்லாருமே அஞ்சுதான் போடுறாங்க. நம்பவே முடியல."

நம்பாமல் இருப்பதே நல்லது. விருந்தாளி முகம் வாடும்படி எங்கள் தெருவில் யாரும் பேசமாட்டார்கள். உப்புக் கரிக்கும் குழம்பைக்கூட இன்னொரு தடவை கேட்டு வாங்குவார்கள்.

அப்போது கொல்லைப்புறத்தில் அப்பாவின் பெயரைச் சொல்லி ஒரு குரல்: "சபாஷ் சுகம்தோ! எட்டாயிரம் அடி!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். அங்கே எங்கள் ஆடு துள்ளிக்கொண்டிருந்தது. அதன் கழுத்தில் ஒரு துணிப்பை. பைக்குள் அப்பாவின் கைபேசி!

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் விருந்தாளி முன்னால் கத்தவில்லை. கைபேசியை எடுத்துவந்து அப்பா கையில் வைத்தேன். அதில் ஆட்டு முடி ஒட்டியிருந்தது. அப்பா தலைகுனிந்தார்.

"அக்கா, யார் சொன்னா நடப்பீங்கன்னு கேளுங்க" என்றேன்.

அக்கா கேட்டார். அப்பா தலையைச் சொறிந்தார்.

"தப்பா நினைக்காதேம்மா. இது சும்மா அதட்டிக்கிட்டே இருக்கு. தனியா நடக்கவும் பிடிக்கல. கூட யாராவது வந்தா நடப்பேன்."

"நான் தினமும் ஸ்கூலுக்கு நடந்துதானே போறேன்? என்கூட வாங்க!"

அப்பா என்னையே பார்த்தார். பிறகு, "அந்த அஞ்சை ஒண்ணாக்கிடும்மா" என்றார்.

"அப்பாடா! இப்பதான் ஒருத்தர் உண்மையைச் சொல்றீங்க!" அக்கா சிரித்துக்கொண்டே அடுத்த வாழைப்பழத்தை எடுத்தார்.

இரண்டு மாதம் ஆகிறது. அப்பாவுக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது, செருப்பும் தேய்ந்துவிட்டது. ஆடுதான் கொஞ்சம் குண்டாகிவிட்டது.