நாலு மணிச் சண்டை

வீட்டின் கண்ணாடிச் சுவரில் ஒரு மூச்சுத் திட்டு இருந்தது. உள்ளங்கை அகலம், ஓரம் கலைந்து, நடுவில் வெளுத்து, குளிர் நாளில் பேருந்து ஜன்னலில் யாரோ வாய் வைத்து ஊதியதுபோல. அவள் கைத்துணியால் துடைத்தாள். போகவில்லை. அது அந்தப் பக்கத்து ஈரம் என்று புரிந்தபோதும் அதில் திடுக்கிட ஒன்றுமில்லை என்றுதான் முதலில் நினைத்தாள். பகல் முழுக்க மூக்கை ஒட்டிவைத்துப் பார்க்கிற கூட்டம் விட்டுப்போனதாக இருக்கும். ஆனால் கூட்டம் போய் வெகுநேரமாகியிருந்தது. பார்வைக்கூடத்தின் ஷட்டர் இறங்கிப் பூட்டு விழுந்த சத்தத்தை அவளே கேட்டாள். மூச்சின் ஈரம் இவ்வளவு நேரம் நிற்குமா? தனக்குத்தான் சரியாகத் தெரியவில்லையோ என்று கிட்டே குனிந்தாள். திட்டு ஓரத்திலிருந்து சுருங்கிப் பொட்டளவுக்கு வந்தது. அவள் நிமிர்வதற்குள் மறுபடி விரிந்தது.

சுருங்கியது. விரிந்தது.

போன மழைக்காலம்வரை அந்த இடத்தில் வீட்டின் முன்சுவர் இருந்தது. அதன்பிறகுதான் ஏரியைச் சுற்றி ஒரு சுற்றுலா நிறுவனம் ஒவ்வொன்றாகத் திறந்தது. முதலில் துடுப்புப் படகுகள், அடுத்து மர உச்சிகளுக்கு நடுவே தொங்குபாலம், மலைச்சரிவில் சைக்கிள் பாதை. கடைசியாக, இதிலெல்லாம் களைத்து வருகிறவர்கள் நிழலில் நின்று ஏரிக்கரை மக்களின் வாழ்க்கையைப் பார்ப்பதற்கு ஒரு 'வாழும் வீடு'. தெருவின் மற்ற வீடுகளை வாங்கி இடித்தவர்கள் இவர்களிடம் மட்டும் வந்து, நீங்கள் இங்கேயே இருக்கலாம், எப்போதும்போல வாழ்ந்தால் போதும் என்றார்கள். கணவன் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் கையெழுத்துப் போட்டான்.

எப்போதும்போல என்றார்களே, அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கணவன் எலக்ட்ரீஷியன். அவனை மீனவனாக்கி மடியில் ஒரு வலையைப் போட்டார்கள். முடிச்சுப் போடத் தெரியாமல் அவன் ஒரே ஓட்டையைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை விரலால் துழாவிக்கொண்டிருந்தான். மாமியார் பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்து ஓய்வுபெற்றவர். அவருக்கு ஒரு மண்பானையும், விறகுக்கு அடியில் சிவப்பு பல்பு எரியும் அடுப்பும். அவர் முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்து வெறும் பானையைக் கிண்டினார். அவளுடைய மோட்டார் தையல் மெஷினைப் பின்னறையில் போட்டுப் பூட்டிவிட்டு, காலால் மிதிக்கிற ஒன்றைக் கொடுத்தார்கள். ஆறு வயது மகள் சிட்டுவுக்கு ஒரு மர பொம்மை. அது பொம்மையைத் தொடவே இல்லை, கண்ணாடியிடம்தான் ஓடியது.

பார்வைக்கூடம் இருட்டாக இருக்கும், வீடு வெளிச்சமாக. உள்ளேயிருந்து பார்த்தால் கண்ணாடி வெறும் கறுப்பு. அதில் சப்பையாக அழுந்திய மூக்குகளும் உள்ளங்கைகளும் மட்டும் மிதக்கும். காற்றுத் துளைகள் வழியாக நனைந்த உயிர்காப்புச் சட்டைகளின் ஏரி வாடை வரும், ஈரச் செருப்புகளின் சளக் சளக் வரும், சிரிப்பு வரும். மூடிய பிறகு இழுத்துவிட ஒரு திரை தருவதாகச் சொன்னார்கள். இதோ வருகிறது, அதோ வருகிறது. போர்வையைத் தொங்கவிடலாமென்றால் ஆணி அடிக்கக்கூடாது.

சண்டை தற்செயலாகத்தான் தொடங்கியது. அந்தப் பக்கம் யாரோ கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கூப்பிட, சிட்டு குரங்குக்குட்டி மாதிரி அங்குமிங்கும் ஓட, அவளுக்குத் தலைக்கேறிவிட்டது.

"பெத்த பிள்ளைய வேடிக்கைப் பொருளாக்கிட்டு, பின்னத் தெரியாத வலையப் பின்னிட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?"

அந்தப் பக்கத்தில் கைதட்டினார்கள்.

மறுநாள் மேலாளர் இனிப்பு டப்பாவோடு வந்தார். "நேத்து அந்தச் சண்டை பிரமாதம், சிஸ்டர். தொங்குபாலத்துல வரிசையில நின்னவங்ககூட இறங்கி இங்க வந்துட்டாங்க. தினமும் நாலு மணிக்கு வச்சுக்கலாமா?"

"சண்டைய எப்படிங்க நேரம் பாத்து வச்சுக்கறது?"

"அதெல்லாம் கவலைப்படாதீங்க சார்," என்றான் கணவன், மேலாளரைப் பார்த்து. "இவளுக்கு சுவிட்சே போட வேணாம். தானா எரியும்."

அவள் டப்பாவைத் தூக்கி எறிந்தாள். மேலாளர் அதையும் தலையாட்டி ரசித்தார். படகுத்துறையிலிருந்து வரும் வழியில் பலகை வைத்தார்கள்: மாலை நான்கு மணி, குடும்பச் சண்டை. இன்றைக்கு வாயே திறக்கப்போவதில்லை என்று ஒவ்வொரு நாளும் சபதம் செய்துகொண்டுதான் மெஷின் முன்னால் உட்கார்வாள். நாலு மணிக்குக் கணவன் தொண்டையைச் செருமுவான். அந்தச் செருமல் போதும், பாதத்திலிருந்து உச்சிவரை எரிந்து ஏறும்.

மூச்சுத் திட்டைப் பார்த்த அடுத்த நாள் வழிகாட்டிப் பெண்ணைக் கேட்டாள். "மூடினதுக்கப்புறம் கூடத்துல யாராச்சும் தங்கறாங்களாம்மா?"

"அங்கயா? பேய்கூடத் தங்காதுக்கா, அவ்ளோ புழுக்கம். பூட்டிச் சாவிய ஆபீஸ்ல குடுத்துட்டுத்தான் நான் பஸ் ஏறுவேன்." வாயைப் பொத்திச் சிரித்த பெண் பிறகு சிரிப்பை விட்டாள். "ஆனா காலைல கண்ணாடி ஒரே திட்டுத் திட்டா இருக்குக்கா. நம்ம தலைக்கு மேல, உத்தரம் வரைக்கும். ஏணி போட்டுத்தான் துடைக்கறேன். இத ஆபீஸ்ல சொல்லாதீங்க, வேலைய விட்டுத் தூக்கிடுவாங்க."

அன்று மாலை கூடம் பூட்டியதும் விளக்குகளை ஏற்றிவிட்டு அவள் கண்ணாடியின் முன்னால் உட்கார்ந்து பார்த்தாள். ஒன்று, இடுப்பு உயரத்தில். ஒன்று, தலைக்கு மேல். கூரை மூலையில் ஒன்று. அங்கே வாய் வைக்க வேண்டுமென்றால் ஒரு ஆளின் தோளில் இன்னொரு ஆள், அவன் தோளில் இன்னொருவன் நிற்க வேண்டும். காற்றாக இருக்கலாம் என்று நினைத்தாள். குழாய் கசிவாக இருக்கலாம். காற்று இப்படி இழுத்து இழுத்து விடாது. உள்ளேயிருந்து மாமியார், "சாப்பாடு என்னாச்சு, கண்ணாடியே சோறு போடுமா?" என்று கேட்டபோது அவள் சுள்ளென்று ஏதோ பதில் சொன்னாள். திட்டுகள் சட்டென்று விரிந்தன. எல்லாமும், ஒரே நேரத்தில்.

வாயை மூடிக்கொண்டாள். மெல்லச் சுருங்கின.

வேண்டுமென்றே ஒருமுறை, அடிக்குரலில், "சனியன்களா" என்றாள். விரிந்தன. புதிதாக இரண்டு முளைத்தன.

அந்த வாரம் முழுக்கக் கூடம் மூடிய பிறகு அவள் குரலை உயர்த்தவே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சமைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு துணி மடித்தாள். நாலு மணிச் சண்டையை மட்டும் அவளால் நிறுத்த முடியவில்லை. கணவன் செருமுகிற விதத்தில் புதிதாக ஒரு நயம் வந்திருந்தது.

ஒரு நாள் அடுக்களையிலிருந்து வந்தவள் சிட்டு கண்ணாடியில் கன்னத்தை வைத்துக் கிசுகிசுப்பதைப் பார்த்தாள். கூடம் பூட்டியாகிவிட்டது.

"யாரோட பேசறே?"

"பாக்கறவங்களோட."

"எல்லாரும் போயிட்டாங்கடி."

"இவங்க போறவங்க இல்லம்மா." சிட்டு கண்ணாடியை விட்டு நகராமலே சொன்னது. "அம்மா இன்னும் கத்தலையான்னு கேக்கறாங்க. நான் அந்தப் பக்கம் வந்தா நல்லாத் தெரியுமாம்."

அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள். அந்தக் கன்னம் வைத்திருந்த இடத்தில், மறுபக்கம், அதே உயரத்தில், ஒரு பெரிய திட்டு.

அன்றைக்கே கிளம்பிவிட வேண்டும் என்று பையை எடுத்தாள். சிட்டுவின் இரண்டு கவுன், பள்ளிக்கூடப் புத்தகம், பல்துலக்கி. அக்கா வீடு மலைக்கு அந்தப் பக்கம். கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது. சிட்டுவைப் பாயில் உட்காரவைத்துச் செருப்பு மாட்டினாள்.

"எங்க கிளம்பிட்டே?" கணவன் வாசலை மறித்து நின்றான்.

"அக்கா வீட்டுக்கு." மெதுவாகச் சொன்னாள். "நாளைக்குப் பேசிக்கலாம்."

"நாளைக்கு நாலு மணிக்கு யாரு நிப்பா?"

"உங்கம்மா நிக்கட்டும்."

"ஏம்மா, என்னை எதுக்கு இழுக்கறே?" என்ற மாமியார் எழுந்து தன் நாற்காலியைத் தூக்கி ஓரமாகப் போட்டார். எதற்கு என்று அவளுக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கண்ணாடியை மறைக்கக்கூடாதென்று.

கணவனும் பேசியபடியே அரைவட்டம் திரும்பியிருந்தான். முகம் கண்ணாடிக்கு நேராக இருந்தது. "பிள்ளைய எங்கிட்ட கேக்காம கூட்டிட்டுப் போற அளவுக்கு ஆயிடுச்சா?" என்றான், கடைசி வரிசைக்கும் கேட்கிற குரலில். பிறகு, உதடு அசையாமல், அவளுக்கு மட்டும்: "கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிப் பேசு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஓரக்கண்ணில் கண்ணாடி வெளுத்துக்கொண்டிருந்தது. வேண்டாம். விழுங்கு. பிள்ளையைத் தூக்கு, வெளியே போ.

கணவன் தொண்டையைச் செருமினான்.

"நீ மனுஷனாடா?"

கல்யாணமான நாளிலிருந்து அவனை நீ என்று அவள் சொன்னதில்லை. சொன்னதும் அணை உடைந்தது. கையெழுத்து, சுவர், வலை, பவுடர், இனிப்பு டப்பா, எல்லாம் வாயில் வந்து கொட்டியது. அவள் கத்தினாள். தொண்டை நரம்பு தெறிக்கக் கத்தினாள். நிறுத்தியபோது கண்ணாடி தரையிலிருந்து கூரைவரை பால்போல வெள்ளையாக இருந்தது.

பாயைப் பார்த்தாள்.

பாயில் ஒரு செருப்பு.

"சிட்டு?"

கட்டிலடியில் இல்லை. பின்னறை பூட்டு. குளியலறை. தண்ணீர் சொட்டுகிறது. இல்லை. வாசல் கதவின் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாள்.

"சிட்டு எங்கங்க? அத்தை, சிட்டு எங்க?"

மாமியார் பானையைக் கிண்டிக்கொண்டிருந்தார். கணவன் வலையோடு உட்கார்ந்திருந்தான். விரல்கள் கடகடவென்று முடிச்சுப் போட்டன. ஒரு முடிச்சுகூடத் தவறவில்லை. இருவரும் நிமிரவில்லை.

வெள்ளைக்குள் ஒரு சின்னக் கை தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து. அது வட்டமாகத் துடைத்தது.

சிட்டு.

யாரோ அதைத் தோளில் உட்காரவைத்திருந்தார்கள், கூட்டத்தில் குழந்தைக்குத் தெரியட்டும் என்று தூக்கிவைத்துக்கொள்கிற மாதிரி. இரண்டு கைகள் அதன் கணுக்கால்களைப் பிடித்திருந்தன. கைகளுக்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரு வெள்ளைத் திட்டு மட்டும். விரிந்தது. சுருங்கியது. பின்னால் இன்னும் தோள்கள். இருட்டு எவ்வளவு தூரம் போனதோ அவ்வளவு தூரம் தோள்கள்.

மிதிமெஷினின் முக்காலியை எடுத்து அடித்தாள். கால் முறிந்தது. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ஆபீசுக்கு ஓடிச் சாவி வாங்கி வரலாம் என்று கதவுப் பக்கம் இரண்டடி வைத்தாள், ஓசையில்லாமல்.

சிட்டு பின்னால் போனது.

ஒரு தோளிலிருந்து அடுத்த தோளுக்கு, கை மாற்றி. முகம் மங்கியது.

"டேய்! விடுங்கடா!"

முன்னால் வந்தது. ஒரு தோள்.

அவள் நின்றாள். மூச்சு வாங்கினாள். அந்த ஒரு மூச்சுக்குள் குழந்தை பின்னால் போனது.

புரிந்துவிட்டது. கத்தினாள். கணவனைத் திட்டினாள், மேலாளரைத் திட்டினாள், படகை, பாலத்தை, பார்க்கிற ஒவ்வொரு கண்ணையும் சபித்தாள். சிட்டு தோள் மாறித் தோள் மாறிக் கண்ணாடிக்கு வந்தது. சந்தோஷமாகக் கைதட்டியது. முன்பல் விழுந்த இடம்கூடத் தெரிந்தது. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்துக்கொண்டே கத்தினாள். கடைசிப் பேருந்தின் ஹாரன் ஏரிக்கரையில் தேய்ந்து மறைந்தது. குரல் கரகரத்தது. இன்னும் கத்தினாள்.

எங்கோ நடுவில் அது தீர்ந்துபோனது. தீர்ந்தது குரல் அல்ல, குரல் கொஞ்சம் இருந்தது. கோபம். அடுப்பில் கை விட்டுத் தேடுவதுபோல உள்ளே தேடினாள். சாம்பல். பயம் மட்டும்தான் இருந்தது, குளிர்ந்து, அடிவரைக்கும்.

"வெக்கமா இல்ல," என்றாள். "உங்களுக்கெல்லாம்... வெக்கமா இல்ல?"

வார்த்தைகள் சரியாகத்தான் வந்தன. கையைக்கூட ஓங்கினாள்.

மூலையில் ஒரு திட்டு சுருங்கியது. மறுபடி விரியவில்லை. பக்கத்தில் இன்னொன்று. பிறகு வரிசையாக.

சிட்டுவைச் சுமந்திருந்த தோள், நனைந்த செருப்பு சளக்கென்று ஒலிக்க, மெல்ல மறுபக்கம் திரும்பியது. சிட்டு கழுத்தை வளைத்து அம்மாவைப் பார்த்துக்கொண்டே போனது, இன்னும் கைதட்டியபடி.