ஊறல் குழி

சோற்றில் கை வைத்ததும் சுருளிவேலுக்கு ஊறல் வாடை அடித்தது. வெல்லமும் வேலம்பட்டையும் பானைக்குள் புளித்துப் பொங்கும் அந்த வாடை, மலையில் அடித்தால் அவனுக்குப் பசியைக் கிளப்பும். ஆனால் இது கடமலைக்குண்டு, சாணி மெழுகிய சொந்த வீடு. சாராயம் காய்ச்சுகிற எவனும் தொழிலை வீட்டுக்குள் கொண்டுவர மாட்டான்.

"அன்னத்தாயி, ஏதாச்சும் புளிச்சுக் கெடக்கா?"

"இங்கன என்ன கெடக்கு? வாரம் பூரா இதையேதான் கேக்குறீக. சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

வாடையையாவது பொறுத்துக்கொள்ளலாம். தரைக்குக் கீழே, சின்னத் துவாரத்தின் வழியாக யாரோ காற்றை மெல்ல இழுத்து, சீழ்க்கை போல வெளியே விடுகிற சத்தமும் விடாமல் கேட்டது. அது யாருடைய மூச்சு என்று அவனுக்குத் தெரியும்.

மதுவிலக்கு அமலில் இருந்த காலம். ஆண்டிப்பட்டி மேடையில் குடியின் கேட்டைப் பற்றித் தொண்டை கிழியப் பேசிவிட்டு, அந்த வாய் காய்வதற்குள் வருசநாட்டு மலைக்கு வெல்ல மூட்டை அனுப்புகிற பெரிய மனிதர் ராஜமணி முதலாளி. அவரிடம் நெடுநாள் ஆள் சுருளிவேல். பின்னால் வந்த அம்மாவாசிக்குத் தொழில் கற்றுக் கொடுத்தவனும் இவன்தான். ஆனால் முதலாளி இவனை "ஏலே" என்றார், அவனைத் "தம்பி" என்றார். ஜீப்பில் தம்பிக்கு முன் சீட்டு, இவனுக்கு மூட்டைகளுக்கு நடுவே இடம். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

எல்லாவற்றையும்விட எரிச்சல் தந்தது அந்தக் குழி. தேர்தல் நெருங்கினால் முதலாளியே சொல்லி ரெய்டு வரவழைப்பார். நாலு பானையை உடைத்துப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் முதலாளியின் சங்கதியெல்லாம் தெரிந்த ஆள் மட்டும் கண்ணில் படக் கூடாது. அவனை, புதைத்த பானையை எடுத்துவிட்ட வெறும் ஊறல் குழியில் உட்காரவைத்து, பலகை போட்டு, கல்லும் மண்ணும் ஆட்டுப்புழுக்கையும் பரப்பி, மூச்சுக்கு ஒரு பப்பாளித் தண்டைச் செருகிவிடுவார்கள். குழிக்குள் போகிறவன்தான் முதலாளிக்கு நெருக்கம் என்று மலைக்கே தெரியும். போனதெல்லாம் அம்மாவாசி. மூடித் திறக்கிற எடுபிடி வேலை சுருளிவேலுக்கு.

போன ரெய்டிலும் மூடினான். போலீஸ் இறங்கிப் போன பிறகு தண்டு வழியாகக் குரல் வந்தது.

"மச்சான், போயிட்டாகளா?"

கொஞ்ச நேரம் கிடக்கட்டும் துரை என்றுதான் முதலில் நினைத்தான். பீடி பற்றவைத்தான். குரல் அதட்டியது, பிறகு கெஞ்சியது. அந்தக் கெஞ்சல் காதுக்கு எவ்வளவு இதமாக இருந்தது! பீடி முடிந்ததும் தண்டை உருவி வீசினான். ஓட்டையை மண்ணால் அடைத்துவிட்டு மலையிறங்கினான்.

"அம்மாவாசி குமுளிப் பக்கம் ஒரு பொம்பளையோட ஓடிட்டான், மொதலாளி."

"தொலையட்டும். இனி நீதான் தம்பி" என்றார் ராஜமணி.

முன் சீட்டில் ஏறிய அன்றுதான் வாடையும் வீட்டுக்குள் ஏறியது. அந்தக் குழி இருந்த மேட்டுப் பக்கமே அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த மலையில் புதுக் குழி தோண்டி, தானே இறங்கி, மூலை மூலையாகத் தட்டிப் பார்த்தான். சுத்தமான செம்மண்.

ஓட்டுப்பதிவுக்கு முன் ஒருநாள், பொழுது சாய்கிற நேரத்தில், இப்போது ஜீப்பின் பின்னால் உட்காருகிற தங்கபாண்டி மேடேறி ஓடிவந்தான்.

"அண்ணே, போலீசு வாராக. மொதலாளி உங்களப் புதுக் குழிக்குள்ள எறங்கச் சொன்னாக."

அவன் கண்ணைப் பார்த்தான் சுருளிவேல். அதில் இருந்தது இவனுக்கு மிகவும் பழக்கமான பார்வை. மாட்டேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால் விடிவதற்குள் முன் சீட்டு இந்தப் பயலுக்குப் போய்விடும். நினைத்தபோதே நெஞ்சு காந்தியது.

இறங்கினான்.

பலகை விழுந்தது. கற்கள் உருண்டன. மண் சரசரவென்று கொட்டி, வெளிச்சத்தின் கடைசிக் கீற்றையும் மூடியது. தண்டைப் பல்லால் கடித்துக்கொண்டான். பச்சைப் பால் கசந்தது. தங்கபாண்டியின் காலடி தூரத்தில் தேய்ந்து போனது.

தன் மூச்சைத் தானே கேட்டுக்கொண்டிருந்தான். இழுத்தான். விட்டான். சீழ்க்கை போல ஒரு சத்தம்.

மூச்சை நிறுத்தினான்.

சத்தம் நிற்கவில்லை.

புளித்த வாடை மூக்கை அடைத்தது. காலை ஒடுக்கினான். முட்டி எதன்மீதோ இடித்தது. கல் இல்லை. இன்னொரு முட்டி.

கத்த வாய் திறந்தான். ஈரமான விரல்கள் அவன் உதட்டைத் தடவின. அவசரப்படாமல் தண்டை எடுத்துக்கொண்டன.

பக்கத்தில் யாரோ மூச்சை இழுத்தார்கள். நீளமாக. ஆசை தீர. குழிக்குள் இருந்த காற்றெல்லாம் அந்தப் பக்கம் நகர்ந்தது. இழுத்த மூச்சு வெளியே வரவில்லை. உள்ளே போய்க்கொண்டே இருந்தது.