பதினேழாவது வரியின் நிறம்

அந்தப் பழைய கம்ப்யூட்டர் திரையில் எழுத்துக்குப் பதினாறு நிறம் கொடுக்கலாம். எழுத்துக்குப் பின்னால் இருக்கும் பட்டைக்கு எட்டே எட்டுதான். பூமயிலுக்கு அந்த எண்களெல்லாம் மனப்பாடம். ஆனால் அன்று மதியம், பாசன சங்க அறையில் கம்ப்யூட்டரைப் போட்டதும், பதினேழாவது வரியில் ஒன்பதாவதாக ஒரு நிறம் இருந்தது. பச்சையுமில்லை, பழுப்புமில்லை. கண்மாயின் அடிச்சேறு நாலு நாள் வெயிலில் கிடந்தால் மேலே வழவழப்பாக ஆடை கட்டுமே, அந்த நிறம்.

திரையில் வெயில் விழாமலிருக்க ஜன்னல்களை அடைத்திருந்தாள். ஆர்.எஸ்.மங்கலம் பஸ் ஸ்டாண்டின் ஹார்ன் சத்தமும், கீழே டீக்கடையில் பழைய எண்ணெயில் பொரியும் வடையின் வாசனையும், சூடேறிய பெட்டிக்குள்ளிருந்து கிளம்பும் தூசி நெடியும் அந்த அறைக்குப் பழகியவைதான். இன்று அவற்றுக்கெல்லாம் அடியிலிருந்து இன்னொரு நாற்றம் மெல்லக் கசிந்து வந்தது. பூமயில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கண்மாய்த் தண்ணீர் யார் யார் வயலுக்கு என்ற பட்டியலில் பதினேழாவது வரி சின்னக்கருப்பனுடையது. கடைமடையில் அரை ஏக்கர். அதை விற்க மாட்டேன் என்று சொன்னதுதான் அவன் செய்த குற்றம். கேட்டவர் சங்கத் தலைவர் பூமிநாதன், பூமயிலின் தாய்மாமன், சங்கத்தில் இந்தக் கம்ப்யூட்டர் வேலையை அவளுக்கு வாங்கித் தந்தவர்.

மார்கழியில் ஒருநாள் அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "பேர அழிச்சா அடுத்த நம்பரெல்லாம் மாறிப்போகும், ஊரே கேக்கும். கண்ணுக்குத் தெரியாமப் பண்ண முடியாதாத்தா?"

"நீலத்து மேல நீல எழுத்த வச்சா தெரியாது மாமா."

சொன்னபோது பெருமையாகக்கூட இருந்தது அவளுக்கு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவள் ஒரு மனுசனையே மறைத்தாள், இரண்டே எண்களைத் தட்டி.

பிரிண்டர் பழுதாகிக் கிடந்தது. மடை திறந்து வயல்களுக்கு முறைத் தண்ணீர் விடும் நீர்பாய்ச்சி கூத்தையா, வாராவாரம் வந்து திரையைப் பார்த்துத் தன் நோட்டில் எழுதிக்கொண்டு போவார். கண்ணில் பட்டதைத்தான் எழுதுவார்.

"ஏத்தா, பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுல்ல வருது?"

"அங்கன ஒண்ணுமில்லண்ணே. வெத்து வரி."

மூன்று முறைத் தண்ணீர் சின்னக்கருப்பனின் வயலைத் தாண்டிப் போனது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் பயிர் கருகியது. நாலாவது முறைக்கு அவனே மடையைத் திறக்கப் போய், மடைக்குழியில் விழுந்து, நாலாம் நாள்தான் பிணமாக மேலே வந்தான். முகத்தில் பாதியை விரால் கொத்தியிருந்தது.

அதே வாரம் மாமா வீட்டிலிருந்து கண்மாய் விரால் குழம்பு வந்தது. பூமயில் இரண்டு துண்டு வாங்கித் தின்றாள். முள்ளைக்கூட உறிஞ்சினாள்.

இப்போது செவ்வந்தி, அவன் பெண்டாட்டி, வயலுக்குத் தண்ணீர் விடவில்லை என்று மனுக் கொடுத்திருந்தாள். மூன்று மணிக்கு இராமநாதபுரத்திலிருந்து அதிகாரி வருகிறார். அதற்குள் அந்தப் பெயர் மற்றப் பெயர்களைப் போல வெள்ளையாகத் தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் வேலை போகும், மானம் போகும், ஜெயிலுக்கும் போக நேரிடும். மணி இரண்டே முக்கால்.

எழுத்துக்கு வெள்ளை, பட்டைக்கு நீலம் என்று இரண்டு எண்களையும் தட்டிச் சேமித்தாள். சின்னக்கருப்பன் என்ற பெயர் ஆங்கில எழுத்தில் பளிச்சென்று மேலே வந்தது. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் மறைந்தது. மறுபடி வந்தது. மறைந்தது. தண்ணீருக்குள் மூழ்குகிறவன் மூச்சுக்கு மூக்கை நீட்டுவது போல இருந்தது. இந்த மெஷினில் எழுத்தைச் சிமிட்ட வைக்க வேறு எண் உண்டு. அதை அவள் தொடவே இல்லை.

சேற்று நிறம் திரும்ப வந்தது. இந்த முறை பதினாறையும் பதினெட்டையும் சேர்த்து விழுங்கியது.

மீண்டும் தட்டினாள். விரல் பட்டனோடு ஒட்டியது. இழுத்தபோது கோழையாக ஒரு நூல் கூடவே வந்தது. பட்டன்களின் இடுக்குகளிலெல்லாம் கறுப்பாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. சேலையில் துடைத்தாள், போகவில்லை. தொண்டை வரை ஏப்பம் வந்தது. விரால் குழம்பு. தின்று ஒன்றரை மாதமான குழம்பு.

திரை முழுக்க அந்த நிறம். பிளக்கைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

நிறம் கண்ணாடியைத் தாண்டியது. மேசை. சுவர். நாற்காலி.

அவள் கை.

தேய்த்தாள். நகத்தால் சுரண்டினாள். வழவழவென்று வந்தது. அடியிலும் அதே நிறம். சுவர் எது, கை எது? தெரியவில்லை.

படியில் செருப்புச் சத்தம். கதவு திறந்தது.

"ஏத்தா பூமயிலு!" கூத்தையா. பின்னால் அதிகாரி.

எழப் பார்த்தாள். முதுகு சுவரோடு ஒட்டியிருந்தது. கத்த வாயைத் திறந்தாள். வாய் நிறையச் சேறு.

கூத்தையா அவளை நேராகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஆளக் காணமே சார். நாக்காலி வெத்தாத்தான் கெடக்கு."

அதிகாரி குனிந்து திரையைப் பார்த்தார். "பதினேழு, சின்னக்கருப்பன். வெள்ளையா, தெளிவாத்தானய்யா இருக்கு?"

"அங்கன ஒண்ணுமில்லன்னுல்ல சொல்லுச்சு அந்தப் புள்ள..." கூத்தையா மூக்கைப் பொத்தினார். "வாங்க சார், போயிருவோம். என்னமோ செத்து நாறுது."

கதவு சாத்தப்பட்டது. பூட்டு விழுந்தது.

சேற்று நிறச் சுவரில் இரண்டு கண்கள் மட்டும் சிமிட்டின. தெரிந்தன. மறைந்தன. தெரிந்தன.

அவள் நாக்குக்கு அடியில், ஏதோ ஒன்று வாலை ஆட்டியது.